எல்லாமே ‘கேஸ்’ இல்லை

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது குட்டித் தலையணை மாதிரி உப்பியிருக்கும். முதல் தடவை மலையேறும் பிள்ளைகள் அதைக் குத்திக் குத்திப் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளே புதிதாகக் காற்று எதுவும் போகவில்லை. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அடிவாரத்தில் அடங்கிக் கிடந்த அதே காற்று இங்கே ஐந்தில் ஒரு பங்கு விரிந்து இடம் கேட்கிறது. அதே பஸ்ஸில் வந்த நம் குடலிலும் ஒரு டம்ளர் அளவுக்குக் காற்று உண்டு. அதுவும் இதே கணக்கில்தான் விரியும். பர்லியாறு தாண்டியதும் பெல்ட்டை ஒரு துளை தளர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதை நியாயமாகவே ‘கேஸ்’ என்று சொல்லலாம். ஆனால் அதன் ஆயுள் ஒரு நாள். மேலேயோ கீழேயோ வெளியேறிவிடும், மிச்சம் ரத்தத்தில் கலந்து மூச்சோடு போய்விடும். மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

என் அம்மா 40 வருஷமாகக் குன்னூரை விட்டு அதிகம் இறங்கியதில்லை. அவருக்கு ஆறு மாதம் ‘கேஸ்’ இருந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த ராத்திரி ஆரம்பித்தது. மேல்வயிற்றில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஓமத் தண்ணி கொடுத்தார். சோடா, பெருங்காயம், சுட்ட பூண்டு எல்லாம் முறை வைத்து நடந்தன. ஒரு கிளினிக்கில் கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் நாலு மாதம் ஓடியது. எழுதிக் கொடுத்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் கேட்பதற்கு முன்பே “கேஸ் டிரபிள் டாக்டர்” என்று சொன்னது நான்தான். இத்தனைக்கும் இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து, கரும்பலகையில் செரிமான மண்டலத்தைக் கலர் சாக்பீஸால் வரைந்து பாகம் குறித்தவன். படத்தில் பித்தப்பைக்குப் பச்சை நிறம். அம்மா கை வைத்துக் காட்டிய இடமும் அதேதான். எனக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு யார் ‘கேஸ்’ என்றாலும் “எந்த இடத்தில்? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில்?” என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. வாயிலிருந்து ஆசனவாய் வரை எட்டு ஒன்பது மீட்டர் நீளக் குழாய். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேலை, தனி நேரம், தனி வலி. நம் பேச்சில் எல்லாமே வயிறு. ஆனாலும் பழைய ஆட்கள் நெஞ்சு கரிப்பு, மேல்வயிறு, தொப்புளைச் சுற்றி, அடிவயிறு என்று இடம் பிரித்துத்தான் சொல்வார்கள். ‘கேஸ்’ வந்து அத்தனையையும் விழுங்கிவிட்டது.

சரி, மேலிருந்து வருவோம்.

செரிமானம் வாயில் தொடங்குகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். மலையில் இருப்பவர்களைக் கேட்டால் அடுப்பில் தொடங்குகிறது என்போம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு போட்டால் மணிக்கணக்கில் தளபுளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். குக்கர்தான் கதி, அதிலும் ஒரு விசில் கூடுதலாக. பருப்பிலும் கிழங்கிலும் உள்ள மாவுச்சத்து, நீரும் சூடும் சேர்ந்து குழைந்தால்தான் நம் செரிமான நீர்களுக்கு வசப்படும். அரைவேக்காட்டில் போனது சிறுகுடலில் பாதி செரியாமல் தப்பித்துப் பெருங்குடல் வரை போய்விடும். அங்கே அதற்காக ஒரு கூட்டம் காத்திருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

வாயில் மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள், நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கின்றன. உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். வெறும் சோற்றை ஒரு கவளம் எடுத்து ஒரு நிமிஷம் விழுங்காமல் மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். என் வகுப்பில் செலவில்லாத ஒரே செய்முறை அதுதான். பல்லின் வேலையை எந்த உறுப்பும் கடன் வாங்கிச் செய்யாது. இரைப்பை பிசையும், கடிக்காது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று பெரியவர்கள் சொன்னதை இந்த அளவுக்காவது ஒப்புக்கொள்ளலாம்.

விழுங்கிய கவளம் எடையால் கீழே விழுவதாகத்தான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உணவுக்குழல் 25 சென்டிமீட்டர் நீளத் தசைக்குழாய். கவளத்துக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அலை மாதிரி தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு தாண்டி நம் மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறதே, அதுபோலப் படிப்படியான தள்ளல். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தாலும் வயிற்றுக்குத்தான் போகும். கெட்டி உணவு கீழே சேர எட்டுப் பத்து வினாடி.

குழல் முடிகிற இடத்தில் ஒரு தசை வளையம், வாசல் மாதிரி. உணவு வரும்போது திறந்து, போனதும் மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே வந்து நெஞ்சு கரிக்கும், வாயில் புளித்த தண்ணீர் ஊறும். எங்கள் ஊரில் டிசம்பர், ஜனவரி ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டுக்கே கம்பளிக்குள் புகுந்துவிடுவோம். நிரம்பிய இரைப்பையோடு படுத்தால் அந்த வாசலில் அமிலம் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விட்டுப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துவதும் பலருக்குப் போதும்.

அடுத்தது இரைப்பை. இடது விலா எலும்புக்குக் கீழே ஒதுங்கியிருக்கிற பை. காலியாக இருக்கும்போது முஷ்டி அளவு, சாப்பிட்டால் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் வரை விரியும். உள்ளே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பியில் பூட்டி வைப்போமே அதே அமிலம்தான், அளவாக. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை அதில் சாகும். புரதத்தை வெட்டும் பெப்சின் என்ற நொதிக்கும் அந்த அமிலம் இருந்தால்தான் வேலை ஓடும். இரைப்பை தன்னையே ஏன் கரைத்துக்கொள்ளவில்லை? சுவரில் வழவழப்பான சளிப்படலம் பூசியிருக்கிறது, அடியில் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒரு தடவை புதிதாக முளைக்கின்றன.

அந்தப் பூச்சு ஓட்டையானால் புண். காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிய காலம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் பெரும்பான்மைக்குக் காரணம் என்றார்கள். யாரும் ஏற்கவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்த்த நீரைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அல்சருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்களே ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. இலை பறிக்கப் போகும் பெண்கள் முழங்கால் வலிக்கு ஒன்று, இடுப்பு வலிக்கு ஒன்று என்று காலையில் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு விழுங்கிவிட்டுச் சரிவில் ஏறுகிறார்கள். அந்த மாத்திரைகளில் பல, சளிப்படலத்தை உண்டாக்கும் வேலையையே தடுப்பவை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்குகிற பான்டோபிரசோல் வகையறாவுக்கும் கேஸுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் பம்பை நிறுத்துகிற மாத்திரை. புண்ணுக்கும் நெஞ்சு கரிப்புக்கும் நல்ல மருந்து. காற்றை அது தொடவே தொடாது. ஒரு தப்பான பெயர் கடை வாசலில் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். மேல்வயிற்றில் எது வந்தாலும் ஒரு பத்து மாத்திரை அட்டை, அதுவும் வருஷக்கணக்கில். இரைப்பையிலிருந்து சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வந்தால்தான் பி12 வைட்டமின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படும். உணவிலிருந்து அந்த வைட்டமினைப் பிரித்தெடுக்க அமிலமும் வேண்டும். மருத்துவர் பார்வையில்லாமல் பல வருஷம் அமிலத்தை அடைத்து வைத்தால் பி12 குறையவும் வாய்ப்பு உண்டு.

இரைப்பை காலியாக இரண்டிலிருந்து நாலு மணி நேரம். எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் அதிகம். அதற்குப் பின் பசிக்கும்போது வயிறு உருமுகிறதே, அது இரைப்பையும் சிறுகுடலும் ஒன்றரை இரண்டு மணிக்கொரு தடவை மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளும் சத்தம். வீடு பெருக்குகிற மாதிரி. இடையில் கொறித்தால் பெருக்குவது நின்றுவிடும்.

கொண்டை ஊசி வளைவில் வருகிற வாந்தியில் இரைப்பைக்குப் பங்கு குறைவு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜன்னல் ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டே வருகிற பையனின் கண், நாம் அசையவில்லை என்கிறது. உட்காதிலுள்ள சமநிலைக் கருவி, இடமும் வலமும் சுழல்கிறோம் என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டதும் மூளை வாந்திக்கு உத்தரவு போடுகிறது. அப்போது சிறுகுடலில் ஓர் அலை தலைகீழாக ஓடி உள்ளே இருப்பதை மேலே இரைப்பைக்குக் கொண்டுவரும். பிறகு உதரவிதானமும் வயிற்றுத் தசையும் சேர்ந்து பிழியும். இரைப்பை சும்மா பிழிபடும் பைதான். வெறும் வயிற்றோடு ஏறியவர்கள் கடைசியில் மஞ்சளாகக் கசப்பாக எடுப்பார்கள். கண்டக்டர் “பித்தம் வருதுங்க, இனி நின்னுடும்” என்பார். நூற்றுக்கு நூறு சரி. அது இரைப்பைக்கு அடுத்த அறையிலிருந்து வந்த பித்தநீரேதான்.

அந்த அடுத்த அறைதான் முன்சிறுகுடல். பன்னிரண்டு விரல் அகலம், ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். மொத்தச் செரிமானத்தின் சந்தை இதுதான். இரைப்பையிலிருந்து புளித்த கூழ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கணையத்திலிருந்து கணையநீர், கல்லீரலிலிருந்து பித்தநீர் இரண்டும் பொதுவாக ஒரே துவாரம் வழியாக வந்து விழும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கும், நீளம் ஒரு சாண். இன்சுலின் சுரப்பதால் சர்க்கரை நோய்க்காரர்கள் இதன் பெயரை அறிவார்கள். செரிமானத்தில் இதன் பங்கு அதைவிடப் பெரிது. புளித்த கூழின் அமிலத்தை முறிக்கச் சோடா உப்பு கலந்த நீர், மாவுச்சத்துக்கு ஒரு நொதி, கொழுப்புக்கு ஒன்று, புரதத்துக்குச் சில, எல்லாம் இங்கிருந்துதான். புரதத்தை வெட்டும் நொதிகளைக் கணையம் உறையில் போட்ட கத்தியாகத்தான் அனுப்பும், உறையைக் கழற்றுவது சிறுகுடல். உள்ளேயே உறை கழன்றுவிட்டால் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும் வலி, குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை என்று தோன்றும். அதற்குக் காரணங்களில் முக்கியமானவை இரண்டு, குடியும் பித்தப்பைக் கல்லும்.

கல்லீரல் வலது விலாவுக்குள், ஒன்றரைக் கிலோ, உடம்புக்குள் இருப்பதில் மிகப் பெரிய உறுப்பு. (கறிக்கடையில் ஈரல், மண்ணீரல் என்று சேர்த்தே கேட்டு வாங்குவதால் இரண்டும் உறவு என்று நினைப்பவர்கள் உண்டு. மண்ணீரலுக்குச் செரிமானத்தில் வேலை கிடையாது, அது ரத்தம் சம்பந்தப்பட்டது.) குடலில் உறிஞ்சிய சர்க்கரையும் புரதத் துணுக்கும் ரத்தத்தோடு முதலில் கல்லீரலுக்குத்தான் வந்து சேரும். சேமிக்க வேண்டியதைச் சேமித்து, நச்சை முறித்து, மிச்சத்தை உடம்புக்கு அனுப்பும். கூடவே நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீர் தயாரிக்கும்.

பித்தநீரில் நொதி எதுவும் இல்லை. அப்படியானால் எதற்கு? ஊட்டி வர்க்கியைச் சாயாவில் தோய்த்துச் சாப்பிட்ட தட்டை, காலையில் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். ஐஸ் மாதிரி தண்ணீர். வனஸ்பதி வெள்ளையாகத் தட்டில் உறைந்து ஒட்டியிருக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும், கொழுப்பு அசையாது. ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் கொழுப்பு பொடிப்பொடியாகப் பிரிந்து பால் நிறத்தில் கரைந்து போகும். பித்தநீரின் வேலை அந்தச் சோப்பின் வேலைதான். கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கொடுத்தால்தான் கணையத்தின் நொதி அதைத் தொட முடியும். வேலை முடிந்த பித்த உப்பில் 95 சதவீதம் வீணாவதில்லை, சிறுகுடலின் கடைசியில் மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பும்.

சாப்பிடாத நேரத்திலும் கல்லீரல் சுரந்துகொண்டேதான் இருக்கும். அதை வாங்கி வைக்கத்தான் பித்தப்பை. ஒரு சின்னக் கத்தரிக்காய் அளவு, 50 மில்லி பிடிக்கும். நீரை உறிஞ்சிப் பித்தநீரைச் சுண்டக் காய்ச்சின கஷாயம் மாதிரி கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். முன்சிறுகுடலுக்குக் கொழுப்பு வந்து சேர்ந்ததும் ஒரு ஹார்மோன் ரத்தத்தில் புறப்படும், பித்தப்பை இறுகிப் பிழியும். கெட்டியான கஷாயத்தில் கொலஸ்ட்ரால் கூடினாலோ பை சரியாகக் காலியாகாமல் தேங்கினாலோ அடியில் மணல் மாதிரி படியும், பிறகு கல். நாற்பது தாண்டிய பெண்களுக்கும், எடை கூடியவர்களுக்கும், அவசரமாக எடை குறைத்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

கல் இருக்கிற பை பிழிந்தால், கல் வாயிலில் போய் அடைக்கும். வலி வரும். அம்மாவுக்குக் கல்யாண வீட்டு நெய்ச்சோற்றுக்கு அப்புறம், பிறகு வர்க்கி சாப்பிட்ட மாலைகளில், பிறகு கறிக் குழம்பு வைத்த ஞாயிறுகளில். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து மேல்வயிற்றின் வலப்பக்கம் தொடங்கி, வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய் நிற்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தானே அடங்கும். அடங்கும்போது ஓர் ஏப்பம் வரும். “பாத்தியா, கேஸ்தான், வெளிய போயிருச்சு” என்பார். அந்த ஏப்பம்தான் எங்களை ஆறு மாதம் ஏமாற்றியது. வலி விட்டதால் வந்த ஏப்பத்தை, ஏப்பம் வந்ததால் விட்ட வலி என்று மாற்றிப் போட்டுப் படித்தோம். தோள்பட்டையில் வலிப்பதற்குக் கழுத்துச் சுளுக்கு என்று தனியாகத் தைலம் தேய்த்தோம். பித்தப்பைப் பக்கத்து உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்பு ஒரே வேரிலிருந்து வருகிறது. மூளைக்கு முகவரி குழம்பிவிடுகிறது.

கடைசியில் கண் மஞ்சளாகத் தெரிந்த பிறகுதான் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் எடுத்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புப் பைக்குள் வெள்ளைப் புள்ளிகள், அவற்றுக்குப் பின்னால் நிழல். “அம்மா, உங்களுக்கு எத்தனை நாளா வலிக்குது?” என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். ஒரு கல் நழுவிப் பொதுக் குழாயில் சிக்கியிருந்தது. அதனால்தான் மஞ்சள்காமாலை. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கணையத்தின் வாயையும் அடைத்திருந்தால் கதை வேறு. குழாய்க் கல்லை வாய்வழியாகக் கருவி விட்டு எடுத்தார்கள், சில நாள் கழித்துத் துளை வழியாகப் பித்தப்பையையும் எடுத்தார்கள். பை போனாலும் கல்லீரல் சுரந்துகொண்டுதான் இருக்கும், நேரடியாகக் குடலில் சொட்டும். பெரும்பாலோருக்குச் சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவைப்படுவதில்லை.

முன்சிறுகுடலுக்குப் பிறகு வருகிற மீட்டர் கணக்கான சிறுகுடல், உறிஞ்சுவதற்கென்றே இருப்பது. அதன் உட்சுவர் டர்க்கித் துண்டின் இழை மாதிரி. ஒரு மில்லிமீட்டர் உயரக் குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில், ஒவ்வொன்றின் மேலும் இன்னும் நுண்ணிய இழைகள். விரித்துப் போட்டால் அரை பாட்மிண்டன் மைதானம் வரும் என்கிறது இப்போதைய கணக்கு. டென்னிஸ் மைதானம் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தது பழைய கணக்கு.

குடிக்கிற நீர் இரண்டு லிட்டர், உமிழ்நீர் தொடங்கிக் கணையநீர் வரை உடம்பே ஊற்றுகிற நீர் ஏழு லிட்டர், ஆக நாளைக்கு ஒன்பது லிட்டர் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் ஏழெட்டு லிட்டரை அதுவே திரும்ப எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கில் ஆள் ஏன் ஒரே நாளில் சுருண்டு விழுகிறார் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் திறக்கிற வாசல் ஒன்று சிறுகுடல் சுவரில் உண்டு, அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். காலராவிலும் அந்த வாசல் அடைபடுவதில்லை. 1971-ல் வங்காள அகதி முகாமில் திலீப் மகாலனபிஸ் என்ற மருத்துவர் இதை நம்பித்தான் உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கிக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத எஸ்டேட் லைனில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக்கூடாது.

சிறுகுடலுக்கு வந்ததெல்லாம் உள்ளே போய்விடும் என்றும் இல்லை. சாப்பாட்டோடு சாயா குடித்தால் அதன் துவர்ப்பு, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, தேயிலை ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள். பாலில் உள்ள லாக்டோஸை வெட்டும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைந்துவிடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மோர் ஒத்துக்கொள்வது இதனால்தான், புளிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தோடர்களின் எருமைப்பால் பெரும்பாலும் மோராகவும் வெண்ணெயாகவும் மாறுவதை இந்தக் கண்ணோடும் பார்க்கலாம்.

குடலுக்கும் உணவுக்கும் உள்ள இந்தக் கணக்கில் எங்கள் ஊருக்கு ஒரு பழைய பங்கு உண்டு, குன்னூர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 1918-ல் இங்கே பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், வைட்டமின் குறைவால் நரம்பைத் தாக்கும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். வைட்டமின் குறைந்த தீனி கொடுத்த புறாக்களையும் குரங்குகளையும் அறுத்துப் பார்த்ததில், நரம்புக்கு முன்பே குடல் கெட்டிருப்பதைக் கவனித்தார். சுவர் மெலிந்து, வீங்கி, புண்ணாகியிருந்தது. அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. உணவில் குறை இருந்தால் உணவைச் செரிக்கும் உறுப்பே முதலில் அடிபடும் என்பதை, சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருந்து எழுதினார்கள்.

இனி உண்மையான கேஸ். அது பெருங்குடலில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம், வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்கி மலக்குடலில் முடியும். தொடக்கத்தில் தொங்குகிற குடல்வால் வீங்கினால் வலி முதலில் தொப்புளைச் சுற்றி வரும், சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகரும். இதையும் கேஸ் என்று சோடா கொடுத்துப் படுக்க வைத்த வீடுகள் உண்டு. பெருங்குடலின் சொந்த வேலை மிச்ச நீரை உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குவது, ஒரு நாளோ இரண்டு நாளோ எடுத்துக்கொள்ளும். காலையில் சூடான சாயா உள்ளே போனதும் கழிவறை ஞாபகம் வருவது வழக்கத்தால் மட்டும் அல்ல, இரைப்பை விரிந்தால் பெருங்குடல் நகரத் தொடங்கும் என்று நரம்பிலேயே எழுதியிருக்கிறது.

முதலில் சொன்னேனே ஒரு கூட்டம், அது இங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியா. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தும் சில சர்க்கரைகளும் அவற்றுக்கு விருந்து. வைட்டமின் கே கொஞ்சம் தயாரித்துத் தரும், குடல் சுவருக்குத் தீனியாகக் கொழுப்பமிலங்கள் தரும், கூடவே ஹைட்ரஜனும் கரியமிலவாயுவும் விடும். பீன்ஸ், பட்டர் பீன்ஸ், அவரை, முட்டைக்கோஸ் என்று இந்த மலையில் விளைவதில் பாதி அவற்றுக்குப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், கேஸுக்கு மருந்தென்று அம்மாவுக்கு நாங்கள் சுட்டுச் சுட்டுக் கொடுத்த பூண்டிலும் நமக்குச் செரிக்காத ஃப்ரக்டான் என்ற சத்து இருக்கிறது. அதைப் புளிக்க வைத்துக் காற்றாக்குவது இதே பாக்டீரியாதான். இல்லாத கேஸுக்குப் புது கேஸ் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

பெருங்குடல் காற்றுக்கு அடையாளம் உண்டு. வயிறு முழுக்க உப்பும், இடம் மாறி மாறி வலிக்கும், காற்றுப் பிரிந்தால் நிம்மதி. ஒரே இடத்தில் குத்திக்கொண்டு நிற்கிற வலி, காய்ச்சலோ மஞ்சளோ சேர்ந்த வலி, கறுப்பாக மலம் போவது, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இவை எதுவும் அதில் சேராது. மேட்டில் ஏறும்போது நெஞ்சுக்குழியில் அழுத்தம் வந்து, வியர்த்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அது செரிமான மண்டலமே இல்லை, இதயம். சரிவும் படிக்கட்டுமாக இருக்கிற எங்கள் ஊரில் இதை நாலு தடவை சொன்னாலும் தப்பில்லை. சோடா தேடாமல் வண்டி தேட வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், பித்தப்பையிலிருந்து எடுத்த கற்களைச் சின்ன பிளாஸ்டிக் டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்று. மிளகு அளவில் சில, கொண்டைக்கடலை அளவில் இரண்டு, பழுப்பு மஞ்சள் நிறம், குலுக்கினால் சத்தம் வரும். அம்மா அதைச் சமையலறை அலமாரியில் ஓமத் தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் எடுத்துக் காட்டுவார்.

“பாரு, இதுதான் என் கேஸு.”